தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்: வினையூக்கிகள் பற்றிக் கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்கள், திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்கள், கோவையில் பட்டறை நடத்துபவர்கள், பெருந்துறை, நாமக்கல் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்குதான்: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை யூனிட் கரண்ட்? வினையூக்கி, அதாவது தான் தீர்ந்துபோகாமல் ஒரு வேதிவினையை எளிதாக்கும் பொருள், அந்தக் கணக்கில் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று தெரிந்துகொண்டால், செய்தித்தாளில் வரும் அறிவிப்புகளில் எது பெரிது, எது சிறிது என்று நீங்களே எடை போட்டுவிடலாம்.

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. 1800-லேயே இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் வோல்டாவின் மின்கல அடுக்கை வைத்து இதைச் செய்துவிட்டார்கள். 1960-களில் பஞ்சாபின் நங்கலில், பக்ரா அணை மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் உரம் தயாரித்தார்கள். நம் மேட்டூரில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்களே, அதிலும் ஹைட்ரஜன் துணைப்பொருளாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

பிறகு ஏன் இப்போது இவ்வளவு பேச்சு? உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு காற்றில் சேர்கிறது. காற்றாலை, சோலார் மின்சாரம் மலிவானதும், அதே வேலையைக் கரியில்லாமல் செய்துவிடலாமே என்ற கணக்கு எழுந்தது. மின்சாரம் மலிவானது ஒரு பாதி. அதை வீணாக்காமல் பயன்படுத்துவது மறுபாதி. அந்த மறுபாதியில்தான் வினையூக்கிகள் வருகின்றன.

ஏனுங்க, கரண்ட் விட்டாலே தண்ணீர் பிரிந்துவிடுமே, வினையூக்கி எதற்கு?

பிரியும். ஆனால் எத்தனை வோல்ட் கொடுத்தால் பிரியும் என்பதுதான் கேள்வி.

ஏட்டுக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். வெளியிலிருந்து சூடு எதுவும் வாங்காமல், மின்சாரத்தை மட்டும் வைத்துச் செய்ய 1.48 வோல்ட் வேண்டும். தொழிற்சாலையில் தண்ணீரைப் பிரிக்கும் செல்கள் (இரண்டு மின்முனைகள் கொண்ட கலங்கள்) கேட்பதோ 1.8 முதல் 2 வோல்ட் வரை. இந்த இடைவெளிதான் இழப்பு, பெரும்பாலும் சூடாகப் போய்விடுகிறது.

இதை ரூபாயாக மாற்ற ஒரு சுலபமான வழி உண்டு. செல் வோல்ட்டை 26.6-ஆல் பெருக்குங்கள், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை யூனிட் என்பது கிடைத்துவிடும். 2 வோல்ட் என்றால் 53 யூனிட். 1.8 வோல்ட் என்றால் 48 யூனிட். 1.48 வோல்ட் என்றால் 39.4 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2 வோல்ட்டிலிருந்து 1.8-க்கு இறங்குவதில் கிலோவுக்கு 37 ரூபாய் மிச்சம். ஒரு மெகாவாட் ஆலை நாள் முழுக்க ஓடினால் சுமார் 450 கிலோ எடுக்கும். தினமும் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். பார்வைக்கு அற்பமான 0.2 வோல்ட்டுக்காக உலகம் முழுக்க ஆய்வகங்கள் இப்படிப் பாடுபடுவதன் காரணம் இதுதான்.

கோவையிலிருந்து பாலக்காடு போக மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறி இறங்க வேண்டியதில்லை, வாளையார் வழியாகக் கணவாயில் புகுந்து போய்விடலாம் அல்லவா? வினையூக்கி செய்வதும் அதுதான். புறப்படும் இடமும் சேரும் இடமும் மாறுவதில்லை; நடுவில் ஏற வேண்டிய உயரம் குறைகிறது. அதனால்தான் எவ்வளவு உயர்ந்த வினையூக்கியாக இருந்தாலும் 39.4 யூனிட் ஆற்றலைக் கொடுக்காமல் ஒரு கிலோ ஹைட்ரஜனை எடுக்க முடியாது. அந்த ஆற்றலில் ஒரு பங்கை வேண்டுமானால் சூடாகக் கொடுக்கலாம். அதற்கும் குறைவு என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழப்பு முழுக்க வினையூக்கியின் தலையில் இல்லை. கரைசலின் மின்தடை, நடுவில் இருக்கும் சவ்வின் தடை, மின்முனையில் ஒட்டிக்கொண்டு இடத்தை மறைக்கும் குமிழிகள் எல்லாமே பங்கு கேட்கும்.

ஹைட்ரஜன் வரும் மின்முனை, ஆக்சிஜன் வரும் மின்முனை, இரண்டில் எது கஷ்டமானது?

ஆக்சிஜன் பக்கம்தான், சந்தேகமே இல்லை. ஹைட்ரஜன் முனையில் இரண்டு எலக்ட்ரான்கள் கைமாறினால் ஒரு மூலக்கூறு வந்துவிடும். ஆக்சிஜன் முனையில் நான்கு எலக்ட்ரான்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர வேண்டும், நடுவில் வரும் ஒவ்வொரு இடைநிலையையும் உலோகம் ஏற்றுக்கொண்டு விடவும் வேண்டும். போதாததற்கு அந்த முனை எப்போதும் ஆக்சிஜனேற்றத்தில் நிற்கிறது. பெரும்பாலான உலோகங்கள் அங்கே கரைந்துபோகும் அல்லது துருவாகிவிடும்.

நல்ல வினையூக்கிக்கு ஒரு நூறாண்டுப் பழைய விதி இருக்கிறது, சபாட்டியர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சொன்னது: மூலக்கூறை மேற்பரப்பு அதிகமாகவும் பிடிக்கக் கூடாது, தளர்வாகவும் விடக் கூடாது. ஹைட்ரஜன் பக்கம் பிளாட்டினம் அந்த நடுநிலைக்கு வெகு அருகில் நிற்கிறது. ஆக்சிஜன் பக்கம் அப்படி ஒரு உலோகம் இல்லை.

பிளாட்டினமும் இரிடியமும் போட்டால் தீர்ந்ததே, வேறு எதைத் தேட வேண்டும்?

தண்ணீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசரில் அமிலச் சவ்வு வகை ஒன்று உண்டு, அதில் அப்படித்தான் செய்கிறார்கள்: ஹைட்ரஜன் பக்கம் பிளாட்டினம், ஆக்சிஜன் பக்கம் இரிடியம் ஆக்ஸைடு. செல் சிறியதாக இருக்கும், மின்சாரம் ஏறி இறங்கினாலும் தாங்கும். ஆனால் உலகம் முழுக்க ஓர் ஆண்டில் வெட்டியெடுக்கும் இரிடியம் 7, 8 டன் அளவுதான். அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து, பிளாட்டினச் சுரங்கத்தின் துணைப்பொருளாக. விலை ஏறினாலும் உற்பத்தியை ஏற்ற வழியில்லை. ஆகவே ஒரு பக்கம் இரிடியத்தின் அளவைக் குறைக்கும் வேலை நடக்கிறது. இன்னொரு பக்கம் காரக் கரைசலில் ஓடும் செல்களுக்கு நிக்கல், இரும்பு, கோபால்ட் போன்ற மலிவான உலோகங்களைப் பழக்கும் வேலை நடக்கிறது. நமக்கு இரண்டாவது பாதைதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

‘மேம்பட்ட பொருள்கள்’ என்று செய்திகளில் வருகிறதே, அவை என்னென்ன?

முதலில் சொல்ல வேண்டியது நிக்கல்-இரும்பு அடுக்கு ஹைட்ராக்ஸைடு. காரக் கரைசலில் ஆக்சிஜன் பக்கத்துக்கு இன்று கிடைக்கும் மிகச் சிறந்த மலிவு வினையூக்கிகளில் இது ஒன்று. இது வந்த விதம் கவனிக்கத்தக்கது. நிக்கல் ஆக்ஸைடே நன்றாக வேலை செய்கிறது என்று பல காலம் நினைத்திருந்தார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் துளி அளவு கலந்திருந்த இரும்புதான் அந்தச் சுறுசுறுப்புக்குக் காரணம் என்று 1987-ல் காரிகன் என்ற ஆய்வாளர் காட்டினார். 2014-ல் ஒரிகன் பல்கலைக்கழகக் குழு, இரும்பைச் சுத்தமாக நீக்கிய கரைசலில் நிக்கல் எவ்வளவு மந்தமாகிவிடுகிறது என்பதை அளந்தே காட்டியது.

இதைத் தயாரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பிரமிப்பே குறைந்துவிடும், அவ்வளவு எளிய வேலை. ஸ்பாஞ்ச் போலத் துளைதுளையாக இருக்கும் நிக்கல் ஃபோம் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுகிறார்கள். நிக்கல் நைட்ரேட், இரும்பு நைட்ரேட், யூரியா மூன்றையும் தண்ணீரில் கரைத்து, டெஃப்லான் உறை போட்ட எவர்சில்வர் ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலத்தில்) அந்தத் துண்டோடு சேர்த்து மூடி, 120 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைக்கிறார்கள். ஆமாம், வயலுக்குப் போடும் அதே யூரியாதான். சூட்டில் மெல்ல உடைந்து கரைசலைக் காரமாக்கி உலோகங்களைப் படிய வைக்கிறது. காலையில் திறந்தால் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் போன துண்டு மஞ்சள் பழுப்பாக வெளியே வரும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய இதழ்கள் செங்குத்தாக நெருக்கி நிற்கும். மின்சாரம் கொடுத்ததும் அந்த இதழ்களிலிருந்து பொடிக் குமிழிகள் புகை போலக் கிளம்பும். சாதாரண நிக்கல் தகட்டில் குமிழி பெரிதாகி, ஒட்டிக்கொண்டு, தயங்கிப் பிறகுதான் விடும்.

அடுத்து, மாலிப்டினம் டைசல்ஃபைடு. பட்டறைக்காரர்களுக்கு இதைத் தெரியும், மாலி கிரீஸில் இருக்கும் கறுப்புப் பொடி. அடுக்கின் பரப்பு முழுக்கச் சும்மா இருக்கும். ஓரங்கள் மட்டும் பிளாட்டினம் போல ஹைட்ரஜனைப் பிடித்துவிடும். 2005-ல் டென்மார்க்கில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள், 2007-ல் அளந்து உறுதி செய்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் ஓரங்களை எப்படி அதிகமாக்குவது என்று தேடத் தொடங்கினார்கள்.

நிக்கல், கோபால்ட் பாஸ்ஃபைடுகள் ஹைட்ரஜன் பக்கத்துக்கு நன்றாக வருகின்றன. ஒவ்வொரு பிளாட்டின அணுவையும் கார்பனின்மேல் தனித்தனியாக உட்காரவைத்து, ஓர் அணுவும் வீணாகாமல் பார்க்கும் ஒற்றை அணு வினையூக்கிகளும், 2011-ல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் உருவான மேக்ஸீன் என்ற மெல்லடுக்குப் பொருள்களும் இப்போது ஆய்வுக் கட்டுரைகளில் நிறைய வருகின்றன. தொழிற்சாலை வாசலுக்கு அவை வர இன்னும் நாளாகும்.

மின்சாரமே இல்லாமல், வெயிலில் வைத்தாலே ஹைட்ரஜன் வரும் என்கிறார்களே?

உண்மைதான். 1972-ல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டையாக்ஸைடின்மேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரிவதைக் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் பொருள் புற ஊதாக் கதிரை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். வெயிலில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். 2021-ல் ஜப்பானியக் குழு ஒன்று 100 சதுர மீட்டர் பலகைகளை வெளியில் வைத்து ஓட்டியது. கிடைத்த உச்சத் திறன் 0.76 சதவீதம். கூரையில் இருக்கும் சாதாரண சோலார் பேனல் 20 சதவீதம் தருகிறது. அதை எலக்ட்ரோலைசரோடு இணைத்தால் இதைவிடப் பல மடங்கு ஹைட்ரஜன் வரும். ஆராய்ச்சியாக மிக அருமையான துறை. முதலீடு போட இது நேரமில்லை.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில், தண்ணீரைப் பிரிப்பது நியாயமா?

ஆயிரம் அடி போர் போட்டும் காற்று மட்டும் வரும் ஊர்களில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். நேராகக் கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல்படி 9 லிட்டர் தூய நீர் வேண்டும். ஒரு மெகாவாட் ஆலை நாள் முழுக்க ஓடினால் 4,000 முதல் 4,500 லிட்டர். ஆர்.ஓ. கழிவையும் சேர்த்தால் 7,000, 8,000 லிட்டர் ஆகலாம். குளிர்விக்க நீர் பயன்படுத்தினால் அது தனி. 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாவாட்டுக்கு இது பெரிய அளவல்ல. நூறு மெகாவாட் என்றால் பெரிய அளவுதான், அப்போது எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று ஊர் கேட்டே ஆக வேண்டும்.

அளவைவிடத் தரம் பெரிய பிரச்சினை. சவ்வு வகைச் செல்லுக்கு வரும் நீரின் மின்கடத்தல் (கரைந்த உப்பைக் காட்டும் அளவு) 1 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். நம் போர்களில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்த நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சவ்வில் போய் உட்கார்ந்துகொள்ளும், குளோரைடு உலோகத்தை அரிக்கும். விலை உயர்ந்த வினையூக்கியும் சில வாரங்களில் செத்துவிடும்.

இங்கே திருப்பூருக்கு ஓர் அனுபவம் கையில் இருக்கிறது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறித்தான் தொழில் மீண்டது. சாயக் கழிவையே ஆர்.ஓ.வில் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் கைத்திறன் அங்கே தினசரி வேலை. நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகு கற்றது அது. அந்த மீட்ட நீரை இன்னும் ஒரு படி சுத்தம் செய்து எலக்ட்ரோலைசருக்குக் கொடுப்பது தொழில்நுட்ப ரீதியாக முடிகிற காரியம். ஹைட்ரஜன் ஆலைக்காகப் புதிதாக ஒரு போர் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆடிக் காற்றில் உபரியாகும் கரண்டை ஹைட்ரஜனாக மாற்றலாமா?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் வைகாசி முதல் ஆவணி வரை காற்றாலைகளைச் சுழற்றித் தள்ளுகிறது. ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள். கார்த்திகையில் அதே காற்றாலை சோம்பிக் கிடக்கும். உபரியை மட்டும் நம்பி ஆலை போட்டால் வருடத்தில் பாதிக்கு மேல் ஆலை சும்மா நிற்கும், போட்ட பணத்துக்கு வட்டி மட்டும் ஓடும்.

வினையூக்கிக்கும் இதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. கார வகை எலக்ட்ரோலைசரில் நூறு, நூற்றைம்பது செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான கரைசல் குழாய் இருக்கும். மின்சாரம் நின்றதும் அந்த அடுக்கு ஒரு பேட்டரி போல எதிர்த்திசையில் கொஞ்ச நேரம் ஓடும். அப்போது ஹைட்ரஜன் முனையில் இருக்கும் நிக்கல் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஒருமுறை நடந்தால் தாங்கும். தினம் பலமுறை நின்று நின்று ஓடினால் பூச்சு உதிரத் தொடங்கும். நிறுத்தும்போதும் சிறிதளவு மின்சாரம் விட்டுக் காப்பது ஒரு வழி, எதிர்மின்னோட்டத்தைத் தாங்கும் பூச்சு போடுவது இன்னொரு வழி. மின்சாரம் மிகக் குறைவாக வரும்போது ஹைட்ரஜன் ஆக்சிஜன் பக்கம் கசிந்து கலப்பதும் உண்டு. 2 சதவீதத்தைத் தொட்டால் ஆலையை நிறுத்திவிட வேண்டும். 4 சதவீதத்தில் அது வெடிக்கும் கலவை.

ஆகவே நம் ஊர் வினையூக்கியிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘ஆடிக் காற்றில் ஆயிரம் முறை நின்று ஓடினாலும் தாங்குவாயா?’ என்பதுதான். எத்தனை மில்லிவோல்ட் மிச்சம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கல்லூரியில் இதை புராஜெக்ட்டாக எடுத்திருக்கிறோம். எதில் கவனம் வேண்டும்?

மிக நல்ல தேர்வு, விலை உயர்ந்த கருவிகள் அதிகம் வேண்டாத துறை. ஆனால் தவறான முடிவு வர இதில் வழிகள் ஏராளம்.

ஹைட்ரஜன் பக்கத்து வினையூக்கியைச் சோதிக்கும்போது மறுபக்கத்து மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியைப் போடாதீர்கள். அது மெல்லக் கரைந்து, உங்கள் மாதிரியின்மேல் வந்து படியும். நாளாக நாளாக வினையூக்கி ‘முன்னேறுவது’ போலத் தெரியும். கிராஃபைட் கம்பி போதும். காரக் கரைசல் கண்ணாடியை அரிக்கும், பிளாஸ்டிக் செல் வைத்துக்கொள்ளுங்கள். கரைசலில் இரும்பு எவ்வளவு என்று தெரியாமல், உங்கள் புதுப் பொருள் நிக்கலைவிட மேல் என்று எழுதாதீர்கள்.

நிக்கல் ஃபோம் வைத்துச் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி: ஆக்சிஜன் வரத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அளவீட்டு வரைபடத்தில் நிக்கலே ஆக்சிஜனேற்றம் அடையும் மேடு ஒன்று வரும். சதுர செ.மீ.க்கு 10 மில்லிஆம்பியர் என்ற வழக்கமான அளவுகோல் பல நேரம் அந்த மேட்டிலேயே விழுந்துவிடும். ஒரு குமிழியும் வராமலே அருமையான எண் கிடைக்கும். வோல்ட்டை மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி அளந்தால் இது தெரிந்துவிடும். வந்த வாயுவை நீருக்குமேல் குழாயில் பிடித்து, கொடுத்த மின்னூட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஆலையில் ஓடுவது 10 அல்ல, பல நூறு மில்லிஆம்பியர். 30 சதவீதக் காரக் கரைசல், 80 டிகிரி சூடு. அந்த நிலையில் சில நாளாவது ஓட்டிப் பாருங்கள். ஓட்டி முடித்ததும் மாதிரியை மீண்டும் ஆராயுங்கள். ஆக்சிஜன் பக்கத்தில் சல்ஃபைடு, பாஸ்ஃபைடு என்று உள்ளே போனது பெரும்பாலும் ஆக்ஸிஹைட்ராக்ஸைடாக மாறித்தான் வெளியே வரும். உண்மையில் வேலை செய்தது எது என்று தெரிந்து எழுதலாம்.

மின்வேதியியலை ஆழமாகப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பேருந்து தூரத்தில்தான் இருக்கிறது. 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த நிறுவனம்.

பைக்கில் தண்ணீர் கிட் மாட்டினால் மைலேஜ் கூடுமா?

கூடாது. வண்டியின் ஆல்டர்னேட்டர் பெட்ரோலை எரித்துத்தான் மின்சாரம் தருகிறது. அதில் தண்ணீரைப் பிரித்து, திரும்ப அதே எஞ்சினில் எரித்தால் ஒவ்வொரு படியிலும் இழப்புதான். எந்த வினையூக்கியும் இதை மாற்றாது.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாமா?

9 வோல்ட் பேட்டரி, இரண்டு பென்சில் கரி, தண்ணீரில் ஒரு சிட்டிகை சலவைச் சோடா போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும். சமையல் உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். எவர்சில்வர் கரண்டியை நேர்முனையாக வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் மஞ்சளாகும், அது நச்சு. வாயுவைப் பாட்டிலில் சேர்த்துப் பற்றவைப்பது வேண்டவே வேண்டாம். ஹைட்ரஜன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது.

சாயப்பட்டறை பாய்லரில் விறகுக்குப் பதில் ஹைட்ரஜன் எரிக்கலாமா?

எரிக்கலாம், ஆனால் வேண்டாம். 50 யூனிட்டுக்கு மேல் செலவழித்து ஒரு கிலோ எடுத்து எரித்தால் பாய்லரில் கிடைப்பது 33 யூனிட் அளவு வெப்பம். அந்த மின்சாரத்தை நேராக ஹீட்டருக்கோ ஹீட் பம்புக்கோ கொடுங்கள். ஹைட்ரஜனுக்கு மாற்று இல்லாத இடங்கள் உண்டு: உரம், எண்ணெய்களைக் கெட்டியாக்குவது, உலோகத்தைத் துருவில்லாமல் சூடேற்றும் உலைகள், மேட்டூர் போன்ற பெரிய அனல் மின் நிலைய ஜெனரேட்டர்களைக் குளிர்விப்பது. சிலிண்டரில் வாங்கும் இடங்களில் எலக்ட்ரோலைசரை முதலில் யோசிக்கலாம். 50 கிலோவைத் தாண்டும் ஒரு பெரிய சிலிண்டரில் அடைபடும் ஹைட்ரஜன் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான். லாரி சுமப்பது பெரும்பாலும் இரும்பைத்தான்.

நம்ம ஊர்ப் பட்டறைகளுக்கு இதில் வேலை இருக்கிறதா?

நிச்சயமாக இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீடு; 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. பெரிய ஆலைகள் தூத்துக்குடி போன்ற துறைமுகங்களை ஒட்டித்தான் வரும். ஆனால் ஒரு எலக்ட்ரோலைசரைப் பிரித்துப் போட்டால் உள்ளே இருப்பவை என்ன? நிக்கல் பூசிய இரும்புத் தகடுகள், நிக்கல் வலை, துல்லியமாகக் கடைந்த சட்டங்கள், கேஸ்கெட், காரக் கரைசலைச் சுற்றவிடும் பம்பு, ரெக்டிஃபையர். கோவையில் இவற்றில் பாதியை ஏற்கெனவே வேறு பெயரில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பூச்சுதான் பழக வேண்டிய வேலை. உதாரணத்துக்கு ரேனி நிக்கல் பூச்சு: நிக்கலோடு அலுமினியத்தையோ துத்தநாகத்தையோ சேர்த்துத் தகட்டில் படியவைத்து, பிறகு சூடான காரக் கரைசலில் அந்த இரண்டாவது உலோகத்தைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த நிக்கல், பரப்பு பல நூறு மடங்கு. எலக்ட்ரோபிளேட்டிங் தெரிந்த பட்டறைக்கு இதில் புரியாத படி எதுவும் இல்லை. ஆனால் நிக்கல் குளியலில் ஒரு துளி ஈயமோ குரோமியமோ கலந்தால் பூச்சு கெடும், சதுர மீட்டர் தகடு முழுக்கத் தடிமன் ஒரே அளவாக இருக்க வேண்டும், கழிவு நிக்கலைச் சாக்கடையில் விடாமல் மீட்க வேண்டும். முதல் ஆர்டரைத் தேடிப் போகும் முன், ஒரு சதுர அடித் தகட்டில் பூசி, 80 டிகிரி காரக் கரைசலில் ஆயிரம் மணி நேரம் ஓட்டி, வோல்ட் எவ்வளவு ஏறியது என்று மணிக்கணக்கில் குறித்த தாள் கையில் இருக்கட்டும். வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.